இருவர் குழுவின் கரடுமுரடான புளூஸ்: விறாந்தையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை பத்துப் பதினைந்து பேர் கூடி, ஓர் இசைத்தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை கேட்பது வழக்கம். ‘தி பிளாக் கீஸ்’ என்ற அமெரிக்க ரொக் குழு 2021இல் வெளியிட்ட ‘டெல்டா கிரீம்’ என்ற தொகுப்பை இதுவரை மூன்று முறை கேட்டிருக்கிறோம். பெரிய மேடைகளுக்கும் மெருகான ஒலிக்கும் போய்விட்ட அந்தக் குழு, தான் தொடங்கிய கரடுமுரடான வேர் இசைக்கு, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கு, திரும்பிய தொகுப்பு அது. மூன்று முறையும் புதிதாக வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே எழுப்பினார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

இவங்க ஆரு? உண்மையா ரெண்டு பேர்தானா?

ஆம், இருவர்தான். டான் ஆவர்பாக் கிற்றார் வாசித்துப் பாடுகிறார். பட்ரிக் கார்னி ட்ரம்ஸ் வாசிக்கிறார். இருவரும் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் ஒரே அயலில் வளர்ந்தவர்கள். குழு 2001இல் தொடங்கியது, முதல் தொகுப்பு 2002இல் வந்தது.

அக்ரன் டயர் உற்பத்தியால் பேர் பெற்று, பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதால் நலிந்த நகரம். 2004இல் வெளிவந்த தொகுப்பை அப்படிக் கைவிடப்பட்டுக் கிடந்த டயர்த் தொழிற்சாலை ஒன்றுக்குள்ளேயே இவர்கள் பதிவு செய்தார்கள்.

‘இண்டி ரொக்’ எண்டு போட்டிருக்கு. பெரிய கம்பனிதானே வெளியிடுது?

‘இண்டி’ என்பது ‘சுயாதீனம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். முதல் மூன்று தொகுப்புகளும் சிறிய, சுயாதீன நிறுவனங்களிலிருந்து வந்தவை. 2006 முதல் வார்னர் குழுமத்தின் நிறுவனங்களே வெளியிட்டு வந்திருக்கின்றன. ஆகவே அந்தச் சொல் இன்று இவர்களுடைய வியாபார நிலையைக் குறிப்பதில்லை. எந்த வகை இசையிலிருந்து வந்தவர்கள் என்பதை மட்டும் குறிக்கிறது.

சத்தம் கரகரவெண்டு கிடக்கு. ரெக்கோர்டிங் சரியில்லையா?

ஒலிப்பதிவு சரியாகத்தான் இருக்கிறது. கிற்றாரின் ஒலியை அம்ப் என்ற ஒலிபெருக்கி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றும்போது ஒலி உடைந்து கரகரக்கும். அந்த உடைவை இவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறார்கள். அதோடு எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பதால், ட்ரம்ஸுக்கு வைத்த மைக்கில் கிற்றாரும் பாடகருக்கு வைத்த மைக்கில் ட்ரம்ஸும் கலந்து விழுகின்றன. மெருகான பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே பதிவாகிப் பின்னர் ஒட்டப்படும். அங்கே இந்தக் கலப்பைக் குறை என்பார்கள்.

தொடக்க காலத்தில் இதற்குக் காரணம் வசதிக்குறைவு. 2003இல் வந்த இரண்டாவது தொகுப்பு கார்னியின் வீட்டு நிலவறையில், எட்டுத் தடங்கள் கொண்ட பழைய டேப் இயந்திரத்தில், 14 மணி நேரத்தில் பதிவானது. 2021க்கு வரும்போது ஆவர்பாக்குக்குச் சொந்தமாகவே ஒரு நல்ல ஸ்டூடியோ இருந்தது. கையில் எல்லாம் இருக்கும்போது அதே கரகரப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பேஸ் இல்லாம எப்படிச் சமாளிக்கிறாங்க?

வலக்கையின் பெருவிரல் தடித்த தந்திகளை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கின்றன. பேஸ் என்ற அடிச்சுரக் கிற்றாரின் வேலையைப் பெருவிரல் எடுத்துக்கொள்கிறது. இது இவர்கள் கண்டுபிடித்த தந்திரமன்று. வட மிசிசிப்பிக் குன்றுப் பகுதியின் புளூஸ் கலைஞரான ஆர்.எல். பர்ன்சைட் (1926–2005) முதுமையில் மேடையேறியபோது அவருடையதோடு சேர்த்து இரண்டு கிற்றாரும் ஒரு ட்ரம்ஸும் மட்டுமே இருந்தன. ட்ரம்ஸ் வாசித்தவர் அவருடைய பேரன் செட்ரிக். பர்ன்சைட் வயலிலும் மீன்பிடித் தொழிலிலும் உழைத்தவர் என்று நான் சொன்னபோது, வாவிக்கரையிலிருந்து வந்திருந்த ஒருவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆனால் ‘டெல்டா கிரீம்’ தொகுப்பில் பேஸ் இருக்கிறது. அது ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

என்ன மனே, பாட்டு ஒரே இடத்திலயே சுத்திக்கொண்டு நிக்குது?

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. இதுவரை வந்தவற்றில் இதுவே நல்ல கேள்வி என்பேன்.

வானொலியில் நாம் கேட்கும் புளூஸ் பெரும்பாலும் மூன்று சுரக்கூட்டுகளுக்கிடையே (சில சுரங்கள் ஒருசேர ஒலிப்பதுதான் சுரக்கூட்டு) மாறி மாறிச் செல்லும். பன்னிரண்டு தாள வட்டம் முடிந்ததும் தொடக்கத்துக்கு வரும். குன்றுப் பகுதிப் புளூஸில் அந்த மாற்றம் மிகக் குறைவு. பல பாடல்களில் அறவே இல்லை. ஒரே சுரக்கூட்டு, ஒரே சிறு வாசிப்பு, நாலைந்து நிமிடங்களுக்கு அப்படியே சுற்றும். வரியின் நீளமும் பாடுபவரின் மூச்சைப் பொறுத்தது: ஒரு வரியை அவர் இழுத்தால் வட்டம் நீளும், விட்டுவிட்டால் குறுகும். கூட வாசிப்பவர் எண்ணிக்கொண்டிருந்தால் தவறிவிடுவார். பாடுபவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கை அடித்துக் காவியம் படிக்கும்போது மெட்டு மாறுவதில்லை, ஆனால் ஒருவரும் எழுந்து போவதும் இல்லை. மெட்டு நிற்பதனால்தான் அடியின் கனத்தில் வரும் சிறு மாற்றம்கூடக் காதில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாக அசையத் தொடங்குகிறது. அவர் இன்னுமொரு பாட்டுக் கேட்டுவிட்டு, “உடுக்கில தெய்வம் வரும், இதில என்ன வரும்?” என்றார். இதில் ஆட்டம் வரும். குன்றுப் பகுதியின் இன்னொரு கலைஞரான ஜூனியர் கிம்ப்ரோ (1930–1998) இந்தப் பாட்டுகளை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தன் சொந்த ஆட்டக் கொட்டகையில் வாசித்தார். வந்தவர்கள் ஆட வந்தவர்கள்.

திரும்பினாங்க எண்டு சொல்றீங்க. எங்க போயிருந்தாங்க?

2008இல் முதன்முறையாக ஒரு வெளித் தயாரிப்பாளரை வைத்து, முறையான ஸ்டூடியோவில் வேலை செய்தார்கள். 2010, 2011 தொகுப்புகள் கிராமி விருதுகளை வென்றன. ஓர்கன், பின்னணிக் குரல்கள், ஒருமுறை கேட்டதுமே வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவிகள் என்று ஒலி அகன்றது. மண்டபங்கள் விளையாட்டரங்குகள் ஆயின. 2014இல் வந்த தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பிறகு ஐந்து ஆண்டு மௌனம். 2019இல் கிற்றார் மீண்டும் முன்னுக்கு வந்த ஒரு தொகுப்பு, அதற்கான சுற்றுப்பயணம், அந்தப் பயணத்தின் முடிவில் ‘டெல்டா கிரீம்’ பதிவு.

அந்த இடைக்காலப் பாடல்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் அவற்றைக் கேட்டுத்தான் இந்தக் குழுவிடமே வந்தார்கள்.

மறுகா அந்த 2021 தொகுப்பில என்னதான் செய்தாங்க?

2019 டிசம்பரில், நாஷ்வில் நகரிலுள்ள ஆவர்பாக்கின் ஸ்டூடியோவில், இரண்டு பிற்பகல்கள், மொத்தம் ஏறக்குறைய பத்து மணி நேரம். சில நாள்களுக்கு முன்னர்தான் திட்டமே போட்டார்கள், ஒத்திகை பார்க்கவில்லை. எல்லோரும் வட்டமாக அமர்ந்து வாசித்தார்கள். பதினொரு பாட்டு, அத்தனையும் பிறருடையவை: ஐந்து கிம்ப்ரோவின் பாடல்கள், மற்றவை பர்ன்சைட், மிசிசிப்பி பிரெட் மக்டவல், ரேனி பர்னெட் போன்றவர்கள் வழியாக வந்தவை.

இருவர் குழுவோடு அன்று வேறு கலைஞர்களும் சேர்ந்தார்கள். இரண்டாவது கிற்றாரை வாசித்த கெனி பிரவுன், பர்ன்சைட்டின் பக்கத்தில் பல்லாண்டுகள் அமர்ந்து வாசித்தவர். பேஸ் வாசித்த எரிக் டீட்டன், கிம்ப்ரோவுடன் வாசித்தவர். இந்தத் தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அக்ரன் நகரத்து இளைஞர்கள் இருவரும் இசைத்தட்டில் கேட்டுப் பழகியதை, இந்த இருவரும் அந்த முதியவர்களின் கைக்கு அருகிலிருந்து பழகினார்கள். அவர்களை அழைத்து வட்டத்தில் உட்கார வைத்ததும், பேர் பெற்றவர்களே அந்த அறையில் இளையவர்கள் ஆகிவிட்டார்கள். ஆவர்பாக் பல இடங்களில் பாட்டை நிறுத்தி, பிரவுனின் வழுக்கிசை முன்னுக்கு வர இடம் விடுவது தெளிவாகக் கேட்கிறது. கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டித் தந்தியில் வழுக்கி வாசிக்கும் முறையைத்தான் வழுக்கிசை என்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு பாட்டை எடுத்துக் காட்டலாம். கிம்ப்ரோவின் ஓர் ஆட்டப் பாட்டு இவர்களுடைய 2002 முதல் தொகுப்பிலும் இருக்கிறது, 2021 தொகுப்பிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். முதலாவதில் கதவைத் தோளால் முட்டித் திறக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவதில் கதவு திறந்தே கிடக்கிறது. வாசற்படியில் இருந்து வாசிக்கிறார்கள்.

பேரில ‘டெல்டா’ இருக்கு. நீங்க குன்றுப் பகுதி எண்டு சொல்றீங்க. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் வேறு வேறு விடயங்கள். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சமவெளிதான் டெல்டா. அதற்குக் கிழக்கே, மாநிலத்தின் வடக்கில் மேடும் பள்ளமுமாகக் கிடப்பது குன்றுப் பகுதி. தொகுப்பின் பாடல்களில் பெரும்பாலானவை குன்றுப் பகுதியைச் சேர்ந்தவை. பெயர் மட்டும், டெல்டாவிலுள்ள டியூனிக்கா என்ற ஊரில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயர். வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த அந்தக் கடையின் புகைப்படமே தொகுப்பின் அட்டையில் இருக்கிறது.

வெளியூர்க்காரருக்கு இது நுணுக்கமான வேறுபாடாகத் தோன்றலாம். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையையும் மேற்கே உள்ள படுவான்கரையையும் ஒன்றாக்கி ‘மட்டக்களப்பு’ என்று ஒருவர் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அங்குள்ளவர்கள் ஏன் இதில் பிடிவாதமாக இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

ஒத்திகை பாக்காம ரெண்டு நாளில முடிச்சா, அது சோம்பேறித்தனம்தானே?

நாங்கள் ஒத்திகை பார்க்காமல் வாசித்தால் அது சோம்பேறித்தனம். பிரவுனும் டீட்டனும் இந்தப் பாட்டுகளை வாழ்நாளின் பெரும்பகுதியாக வாசித்தவர்கள். ஆவர்பாக்கும் கார்னியும் இருபது வயதிலிருந்து இவற்றைச் சுமந்து திரிந்தவர்கள். அந்தப் பத்து மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலும், பாடுபவரின் மூச்சைப் பொறுத்து வட்டம் நீளும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்ட பாட்டை அளந்து ஒத்திகை பார்த்தால் அது அன்றைய ஒத்திகையின் நீளத்திலேயே உறைந்துவிடும்.

கறுப்பின ஏழை மனிசர்ர பாட்டை வெள்ளைக்காரர் எடுத்துப் பாடிக் காசாக்கிறது களவு இல்லையா?

இது எளிதில் முடியாத கேள்வி. முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாடல்களை யார் ஆக்கினார்கள் என்பது தொகுப்பில் மறைக்கப்படவில்லை. 2006இலேயே கிம்ப்ரோவின் பாடல்களை மட்டும் கொண்ட ஒரு குறுந்தொகுப்பை இவர்கள் வெளியிட்டார்கள். அதன் கடைசியில் கிம்ப்ரோவின் மனைவி தொலைபேசியில் விட்ட பாராட்டுச் செய்தி அப்படியே ஒலிக்கிறது. அதற்குக் கிம்ப்ரோவின் ஆட்டக் கொட்டகை இருந்த சூலஹோமா என்ற ஊரின் பெயரையே வைத்தார்கள். ஒரு பாட்டு யாருடையது என்பதும் எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை. ‘டெல்டா கிரீம்’ தொகுப்பின் முதற்பாட்டை உலகம் ஜோன் லீ ஹூக்கர் என்ற புளூஸ் கலைஞரின் 1949 பதிவால் அறிந்தது. இவர்கள் வாசிப்பதோ கிம்ப்ரோ அதைத் தன் போக்கில் மாற்றிப் பாடிய வடிவத்தை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு அண்ணாவியார் கூத்துக் கொப்பி மாறுவது போலத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கணக்குத் தீராமல் நிற்கிறது. பிரெட் மக்டவல் 1959இல், நாட்டார் பாடல்களைச் சேகரித்த அலன் லோமக்ஸின் ஒலிவாங்கிக்கு முன் முதன்முதலாக அமர்ந்தபோது ஐம்பதைத் தாண்டிய விவசாயி. கிம்ப்ரோவின் முதல் முழுத் தொகுப்பு 1992இல், அவருடைய 62ஆவது வயதில் வந்தது. ஆறே ஆண்டுகளில் அவர் இறந்தார். 2000இல் அவருடைய கொட்டகை எரிந்துபோனது. அக்ரன் இருவர் விளையாட்டரங்கை நிரப்பியது அதற்குப் பிறகுதான். இதை நான் களவு என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு எப்போது கதவு திறந்தது என்பதைக் கேளாமலும் இந்த இசையைக் கேட்கமாட்டேன். அதனால் எங்கள் விறாந்தையில் ஒரு விதி இருக்கிறது: ‘டெல்டா கிரீம்’ போடுவதற்கு முன் கிம்ப்ரோவின் குரலில் ஒரு பாட்டாவது ஒலிக்க வேண்டும்.

2022 கிராமி விழாவில் இந்தத் தொகுப்பு புளூஸ் பிரிவொன்றில் முன்மொழியப்பட்டும் விருது பெறவில்லை. அதே விழாவில் மரபுப் புளூஸ் விருதைப் பெற்றவர் செட்ரிக் பர்ன்சைட், மேலே சொன்ன ட்ரம்ஸ் வாசித்த பேரன். அதைச் சொன்னதும் விறாந்தையில் கைதட்டல் எழுந்தது.

வித்தியானந்தன் சேர் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த மாதிரியா இது?

ஒப்பிடலாம், ஆனால் திசை எதிரானது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, செப்பனிட்டு, ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். அதனால் கூத்தை நகரம் மதிக்கத் தொடங்கியது. அதே வேளை களரியில் சுற்றியிருந்த ஊர் இருட்டில் வரிசையாக அமர்ந்த பார்வையாளர் ஆனது. நம் ஊரிலேயே பிற்பாடு இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது; சீலாமுனையில் ஊர்க்காரரோடு சேர்ந்து களரியிலேயே கூத்தை மீளுருவாக்கும் முயற்சிகளும் நடந்தன.

பிளாக் கீஸ் குழு முதலில் படச்சட்ட மேடைக்குப் போய், பிறகு வட்டத்துக்கு வந்தது. ஆனால் அது ஸ்டூடியோவுக்குள் அமைத்த வட்டம். ஆடுகிற ஊர் அதில் இல்லை. சீலாமுனையில் ஊரும் சேர்ந்து திரும்பியது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டையும் ஒன்றென்று சொல்வதற்கில்லை.

அப்ப எங்கட பொடியன்மாரும் உடுக்கையும் கிற்றாரையும் வச்சு இப்பிடிச் செய்யலாமா?

செய்யலாம், நாங்கள் ஒருமுறை செய்து பார்த்து அடிபட்டோம். படுவான்கரையிலிருந்து உடுக்கடிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நகரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். அங்கிருந்த தம்பி அவருடைய காதில் ஹெட்போனை மாட்டி, தாளம் பிசகாமலிருக்க ‘டிக், டிக்’ என்ற ஒலியை ஓட விட்டார். பெரியவர் இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இது ஆரு தம்பி, காதுக்குள்ள நிண்டு என்னைக் கலைக்கிறது?” என்று கேட்டார். எப்படியோ பதிவு முடிந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், உடுக்கின் கயிற்றை நெருக்கும்போது எழும் அந்த முனகல் காணாமல் போயிருந்தது. இரைச்சல் என்று எண்ணிச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

அடுத்த கிழமை பெரியவரின் வீட்டுத் திண்ணையிலேயே, நெல் மூட்டையின் மேல் ஒரு கைபேசியை வைத்துப் பதிவு செய்தோம். காகம் இரண்டு இடத்தில் கரைகிறது, ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது, முனகல் இருக்கிறது. கிற்றார்காரத் தம்பி பெரியவரின் கையைப் பார்த்தபடி ஒரே சுரக்கூட்டில் நின்றுவிட்டான், அவனால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அதுதான் சரியாக வந்தது. ஆகவே என் யோசனை: வாத்தியங்களைக் கலப்பதைப் பற்றி முதலில் யோசிக்க வேண்டாம், யாருக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். சடங்குக்குரிய காவியத்தைக் கோயிலைக் கேட்காமல் எடுத்துப் பாட வேண்டாம்; களவைப் பற்றிய கேள்வி நமக்கும் பொருந்தும்.

எதிலயிருந்து கேக்கத் தொடங்கிறது?

முதலில் கிம்ப்ரோவின் 1992 தொகுப்பில் ஒரு பாட்டு, பிறகு ‘டெல்டா கிரீம்’, பிறகு 2003 நிலவறைத் தொகுப்பு. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பெருவிரல் தட்டும் தடித்த தந்தி அதில் கேட்காது, அது கேட்காவிட்டால் பாட்டில் பாதி இல்லை.

மறுகா ஏன் அந்தச் சத்தத்திலேயே நிக்கல்ல?

நிற்கவில்லை என்பது உண்மை. 2022இல் சொந்தப் பாடல்களோடு ஒரு தொகுப்பு வந்தது. 2024இல் வந்ததில் பெக், நோயல் கலகர் போன்ற ரொக் பாடகர்களை அழைத்துப் பாட்டுக் கட்டினார்கள். அதில் மீண்டும் பளபளப்பும் பல்லவிகளும் இருக்கின்றன. இதைக் கேட்டு ஏமாந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. எனக்கு ஏமாற்றம் இல்லை. தாய்வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. 2002, 2003, 2006, 2021 என்று இவர்கள் அந்தக் குன்றுகளுக்குப் பலமுறை போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கிம்ப்ரோவின் பாட்டைத்தான் முதலில் எடுத்தார்களோ இல்லையோ, எடுக்காமல் திரும்பியதில்லை.